20 வருடப் பழைய ஃபைபர் படகைச் சீர் செய்ய எங்கிருந்து தொடங்குவது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பா ஓட்டிய 28 அடி ஃபைபர் படகு, சுனாமிக்குப் பிறகு 2006இல் கிடைத்தது. தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் கரையில் ஐந்து வருடமாகச் சும்மா கிடக்கிறது. எஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டீர்கள். இதைச் சீர் செய்ய முடியுமா, எந்த வேலையை முதலில் எடுப்பது, செலவை எப்படிக் கணக்குப் போடுவது, இல்லை புதுப் படகே வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள். பக்கத்துப் படகுக்காரர் "மேலே ரெண்டு மேட் ஒட்டி பெயின்ட் அடிச்சா போதும்" என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த இரண்டு மேட்டை, அதாவது கண்ணாடி நார் விரிப்பை, மட்டும் இப்போது ஒட்ட வேண்டாம். நாரை ஒட்டி இறுக வைக்கும் ரெசின் திரவம் ஒரு கிலோ கூட இன்னும் வாங்காதீர்கள். முதல் மாதம் முழுக்கப் பார்ப்பதற்கும் தட்டுவதற்கும் துளை போடுவதற்கும் மட்டும்தான். உங்கள் படகின் விதியை முடிவு செய்யப்போவது வெளியே தெரியும் ஃபைபர் இல்லை, உள்ளே மறைந்திருக்கும் மரம்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், கண்ணாடி நாரும் ரெசினும் சேர்ந்த அந்தத் தோல் நாம் நினைப்பதைவிட நெடுநாள் தாங்கும். 1940களில்தான் இந்த முறையில் படகு கட்டத் தொடங்கினார்கள். 1950களில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை 40 அடி ரோந்துப் படகுகளை ஃபைபரில் கட்டியது. இது எத்தனை நாள் உழைக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதனால் 10 வருடம் கழித்தும் 20 வருடம் கழித்தும் அந்தப் படகுகளில் துண்டு வெட்டி எடுத்து இழுத்து வளைத்துச் சோதித்தார்கள். வலிமை சொல்லும்படியாகக் குறையவே இல்லை. சரியாகக் கட்டிய ஃபைபர் தோல் வயதால் மட்டும் சாவதில்லை.

ஆனால் "சரியாகக் கட்டிய" என்ற சொல்லைக் கவனியுங்கள். 2005, 2006இல் நம் கரையில் படகு கட்டிய வேகம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நீங்கள் அப்போது சிறுபிள்ளையாக இருந்திருப்பீர்கள். கட்டுமரம் போன இடத்திலெல்லாம் ஃபைபர் படகு வந்து இறங்கியது. நல்ல பட்டறைகளும் கட்டின, ஆறு மாதம் முன்புவரை வேறு தொழில் பார்த்தவர்களும் கொட்டகை போட்டுக் கட்டினார்கள். ஒரே நீளம், ஒரே நிறம், ஆனால் ஒன்றில் அடித்தோல் 8 மில்லிமீட்டர் இருக்கும், இன்னொன்றில் 4 கூட இருக்காது. ஆகவே பக்கத்துப் படகுக்கு நடந்தது உங்கள் படகுக்கும் நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உங்களுடையதைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, பார்ப்பது எப்படி?

முதலில் அப்பாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள். படகு புதிதாக வந்தபோது கரையிலிருந்து தள்ள எத்தனை பேர் வேண்டியிருந்தது, கடைசி வருடம் எத்தனை பேர் தேவைப்பட்டார்கள்? எட்டுப் பேர் தள்ளிய படகுக்குப் பன்னிரண்டு பேர் தேவைப்பட்டதென்றால், கூடுதல் எடை எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டும். பெரும்பாலும் அது தண்ணீர்தான். மிதவைக்காக வைத்த ஃபோமிலும், அடிக்கட்டையிலும், பின்பலகையிலும் ஊறிக் கிடக்கும் தண்ணீர். டிராக்டர் கட்டி இழுக்கும் வழக்கம் வந்த பிறகு இந்தக் கணக்கு பலருக்கு மறந்தே போய்விட்டது.

அடுத்தது வடிவம். தாங்கல் சரியில்லாமல் ஐந்து வருடம் மணலில் கிடந்த படகு முறுக்கிக்கொண்டிருக்கலாம். அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரை நட்ட நடுவில் ஒரு நைலான் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். ஒவ்வொரு இரண்டடிக்கும் கயிற்றிலிருந்து இரண்டு பக்க மேல்விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பை வாங்கி வந்து இரண்டு விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓரிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் எல்லாப் படகிலும் உண்டு. கீழே மண் மூட்டை கொடுத்துச் சமப்படுத்தியும் ஒரு கை அளவுக்குக் கோணல் தெரிந்தால், ஏராவோ, அதாவது அடியின் நடு முதுகெலும்போ, உள்ளே ஓடும் நீளக்கட்டைகளோ விட்டுப்போயிருக்கின்றன என்று பொருள். அப்படிப்பட்ட படகில் நான் கை வைப்பதில்லை.

பிறகு தட்டிப் பார்ப்பது. ஒரு ஐந்து ரூபாய்க் காசு போதும், இல்லை சின்னச் சுத்தியலின் கைப்பிடி. காலையில் கரை அமைதியாக இருக்கும் நேரத்தில் ஒரு ஜாண் இடைவெளியில் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் "டக் டக்" என்று கணீரென ஒலிக்கும். அடுக்குப் பிரிந்த இடமும் உள்ளே மரம் இற்ற இடமும் "தொப் தொப்" என்று செத்த சத்தம் தரும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிடுங்கள். இருட்டிய பிறகு ஒருவர் படகுக்குள் பெரிய விளக்கோடு உட்கார, இன்னொருவர் வெளியே சுற்றி வரட்டும். வெளிர் நிற ஜெல்கோட் (தோலின் வெளிப்புற நிறப் பூச்சு) என்றால் தோல் வழியே வெளிச்சம் மங்கலாகத் தெரியும். பழைய ஒட்டு, மெலிந்த இடம், வெளியே தெரியாத விரிசல் எல்லாம் நிழலும் வெளிச்சமுமாகக் காட்டிக்கொடுத்துவிடும். கருநீலம் அடித்த படகில் இது பலிக்காது.

இப்போது முக்கியமான இடம்: எஞ்சின் உட்கார்ந்திருந்த அமரப் பலகை, பட்டறையில் டிரான்சம் என்பார்கள். லாங் டெயில் (நீண்ட தண்டின் முனையில் விசிறி உள்ள) எஞ்சினின் அதிர்வு முழுவதையும் வருடக்கணக்கில் வாங்கியது அந்தப் பலகைதான். வெளியே ஃபைபர், உள்ளே பிளைவுட். போல்ட் போட்ட ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு ஒரு வாசல். உட்புறத்திலிருந்து 6 மில்லிமீட்டர் பிட்டால், எதிர்ப்பக்கத் தோலைத் தொடாமல், ஐந்து இடத்தில் துளை போடுங்கள். போல்ட் துளைகளுக்குப் பக்கத்தில் இரண்டு, கீழ் விளிம்பில் இரண்டு, மேலே நடுவில் ஒன்று. பிட்டோடு வரும் தூளை ஒவ்வொன்றாகத் தனித்தனிக் காகிதத்தில் பிடித்து, எந்த இடம் என்று எழுதி மடித்து வையுங்கள். வெளுத்த பழுப்பில் சுருள் சுருளாக உலர்ந்து வந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. கறுத்து, பிசுபிசுத்து, விரலால் உருட்டினால் களிமண் மாதிரி திரண்டால் அந்த இடம் போய்விட்டது. துளையிலிருந்து தண்ணீரே கசிந்தால் கேட்க வேண்டியதே இல்லை. இதே மாதிரி உட்காரும் பலகைகளின் ஓரத்திலும், அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டைகளிலும் செய்யுங்கள். போட்ட துளைகளைப் பிறகு ரெசின் பட்டி வைத்து அடைத்துவிடலாம். அது பெரிய விஷயமில்லை.

பக்கத்துப் படகுக்காரர் சொன்ன வழியை நானும் ஒரு தரம் செய்திருக்கிறேன், அதனால்தான் இதில் இவ்வளவு நேரம் நிற்கிறேன். பட்டறை தொடங்கிய மூன்றாம் வருடம், ஒரு பெரியவர் அமரத்தில் விரிசல் என்று படகைக் கொண்டுவந்தார். சீசன் நேரம், நாலு நாளில் வேண்டும் என்றார். பலகை ஈரம் என்று தெரிந்தும் மேலே நன்றாக உரசிவிட்டு மூன்று அடுக்கு மேட் ஒட்டிக் கொடுத்தேன். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. இரண்டாவது வருடம் கடலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் பிடிப்பு பலகையோடு பின்னால் சாய்ந்துவிட்டது. பக்கத்தில் வேறு படகு இருந்ததால் இழுத்துக் கரை சேர்த்தார்கள். பிரித்துப் பார்த்தபோது நான் ஒட்டிய மூன்று அடுக்கும் அப்படியே ஒரு தட்டு மாதிரி உரிந்து கையோடு வந்தது. உள்ளே மரம் கஞ்சியாகியிருந்தது. அந்த வேலையைப் பணம் வாங்காமல் மறுபடி செய்து கொடுத்தேன், ஆனால் அவர் நடுக்கடலில் பட்ட பயத்துக்கு ஈடு எதுவும் கொடுக்க முடியாது. ஈர மரத்தின் மேல் ஃபைபர் போடுவது என்பது தண்ணீரை உள்ளே வைத்துத் தைப்பது.

இந்தப் பரிசோதனை முடிந்ததும் முடிவு எடுக்கலாம். என் கணக்கு இப்படி: அமரப் பலகை மட்டும் போயிருந்தால் தயங்காமல் சீர் செய்யுங்கள். அமரமும் இரண்டு நீளக்கட்டைகளும் போயிருந்தால், தோல் தடிமன் நன்றாக இருக்கும்வரை இன்னும் லாபம்தான். அதோடு அடித்தோல் பாதிக்கு மேல் "தொப்" என்று ஒலித்தாலோ வடிவம் கோணியிருந்தாலோ விட்டுவிடுங்கள். சாமானும் கூலியும் சேர்ந்து, அதே அளவில் எஞ்சின் இல்லாத புதுப் படகின் விலையில் பாதியைத் தாண்டும் என்று தெரிந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் பழைய படகில் பிரித்த பிறகு தெரியும் வேலை எப்போதும் கொஞ்சம் கூடவே வரும். அப்பாவின் படகு என்ற பாசம் எனக்குப் புரிகிறது. அந்தப் பாசத்தோடுதான் அதில் நாலு பேர் ஏறிக் கடலுக்குப் போகப்போகிறார்கள்.

எஞ்சின் விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எஞ்சினைக் கடைசியில் வாங்குங்கள், ஆனால் எது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். மறுபடி லாங் டெயிலா, அமரத்தில் தொங்கவிடும் அவுட்போர்டா? அவுட்போர்டு என்றால் குட்டைத் தண்டுக்கு அமரத்தின் உயரம் 15 அங்குலம், நீளத் தண்டுக்கு 20 அங்குலம் என்ற கணக்கில் வர வேண்டும். பலகையைக் கட்டி முடித்த பிறகு எஞ்சினைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்து, விசிறி தண்ணீருக்கு மேலே சுற்றுகிறது என்று திரும்ப வெட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். மீன்வளத் துறையில் படகின் பதிவு உயிரோடு இருக்கிறதா, எஞ்சின் மாற்றத்தை எப்படிக் குறிக்க வேண்டும் என்பதையும் உங்கள் பகுதி அலுவலகத்தில் இந்த மாதமே கேட்டுவிடுங்கள்.

காலத்துக்கு வருவோம். நம் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் ஃபைபர் வேலை செய்யவே கூடாது. காற்றில் அவ்வளவு ஈரம். மேட் அந்த ஈரத்தைப் பஞ்சு மாதிரி குடிக்கும், ரெசின் ஒழுங்காக இறுகாது. தை பிறந்ததும் படகைக் கொட்டகைக்குள் கொண்டுவந்து பிரியுங்கள். மாசி முழுவதும் காயட்டும். பங்குனி முழுவதும் ஒட்டு வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அந்த இரண்டு மாதமும் பட்டறைகளும் கைதேர்ந்த ஆட்களும் அங்கே போய்விடுவார்கள். அதற்குள் உங்கள் பெரிய வேலை முடிந்திருக்க வேண்டும். ஒரு நாளுக்குள்ளும் நேரம் பார்க்க வேண்டும். பனி காய்ந்த பிறகு, எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்குள் ரெசினை முடித்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறினால் ஈரமும் மணலும் சேர்ந்து வந்து ஒட்டில் உட்காரும்.

காய வைப்பது என்றால் வெயிலில் கவிழ்த்துப் போடுவது மட்டும் இல்லை. இற்ற மரத்தையும் ஊறிய ஃபோமையும் வெட்டி எடுத்து, வயிறு திறந்த நிலையில் காய வேண்டும். காய்ந்ததா என்று தெரிய ஒரு எளிய வழி: ஒரு முழச் சதுரத்துக்கு பாலிதீன் தாளை வெட்டி, நாலு ஓரமும் டேப் போட்டு அடித்தோலில் ஒட்டிவிடுங்கள். ஒரு பகல் வெயிலுக்குப் பிறகு தாளின் உட்புறம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வேர்க்காமல் இருந்த பிறகு வேலையைத் தொடங்கலாம். தோலில் சின்னச் சின்னக் கொப்புளம் இருந்தால் ஆணியால் ஒன்றை உடைத்துப் பாருங்கள். புளித்த காடி வாசனையோடு பிசுபிசுப்பான நீர் வந்தால், ஜெல்கோட்டைத் தாண்டி உள்ளே போன தண்ணீர் ரெசினில் கரையக்கூடியதைக் கரைத்திருக்கிறது என்று பொருள். கரையில் ஏற்றி வைக்கும் படகுகளில் இது குறைவு, முகத்துவாரத்தில் மிதந்தே கிடக்கும் படகுகளில்தான் அதிகம். இருந்தால் எல்லாக் கொப்புளத்தையும் திறந்து, நல்ல தண்ணீரில் பல தரம் கழுவிக் காயவைக்க வேண்டும்.

மீன் படகுக்கே உரிய ஒரு தொல்லை எண்ணெய். உள்பக்கத் தோலில் 15 வருட மத்தி எண்ணெயும் டீசலும் ஊறியிருக்கும். நேராக கிரைண்டரை வைத்தால் அந்த எண்ணெயை உள்ளே இன்னும் தேய்ப்பதுதான் நடக்கும். முதலில் சுடுதண்ணீரும் சோப்புத்தூளும் போட்டுத் தென்னை விளக்குமாறால் இரண்டு மூன்று தரம் கழுவுங்கள். காய்ந்த பிறகு ஒரு கை தண்ணீரை வீசிப் பாருங்கள். தண்ணீர் படலமாகப் பரவினால் சுத்தம். சேம்பிலையில் விழுந்தது மாதிரி உருண்டு ஓடினால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். அதற்குப் பிறகுதான் 36 அல்லது 40 நம்பர் உப்புத்தாளைப் போட்டு உரச வேண்டும். பளபளப்பு துளிகூட இல்லாமல், நார் வெளுத்துத் தெரியும்வரை.

சாமான் கணக்கை நீங்களே போடக் கற்றுக்கொள்ளுங்கள். ரூபாயில் சொன்னால் அடுத்த மாதம் மாறிவிடும், கிலோவில் போட்டால் மாறாது. மேட்டை அதன் எடையால் அழைப்பார்கள்: 450 மேட் என்றால் ஒரு சதுர மீட்டர் 450 கிராம். அதற்கு ரெசின் அதன் எடையைப் போல இரண்டரை மடங்கு குடிக்கும். துணி மாதிரி நெய்த ரோவிங் 610 கிராம் வரும், அதற்கு ஏறக்குறைய சம எடை ரெசின் போதும். உங்கள் அடித்தோலில் 6 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலத்துக்கு வலு சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 7.2 சதுர மீட்டர். ஒரு மேட், ஒரு ரோவிங், மேலே ஒரு மேட். மேட் இரண்டு அடுக்குக்கு ஆறரை கிலோ, ரோவிங் நாலரை கிலோ. ரெசின் மேட்டுக்கு 16, ரோவிங்குக்கு நாலரை, மொத்தம் இருபதரை கிலோ. சிந்துவதற்கும் டப்பாவில் ஒட்டுவதற்கும் சேர்த்து 25 கிலோ என்று எழுதுங்கள். இதேபோல் அமரம், கட்டைகள், விரிசல்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி. கடைசியில் கூட்டி, அன்றைய விலையைக் கடையில் கேட்டுப் பெருக்குங்கள். ரெசின் அதிகமானால் வலு அதிகம் என்று நினைக்காதீர்கள். வலு நாரில்தான் இருக்கிறது. ரெசின் தேங்கிய இடம் கண்ணாடி மாதிரி நொறுங்கும். இரும்பு ரோலரால் காற்றையும் அதிக ரெசினையும் வெளியே உருட்டித் தள்ள வேண்டும்.

எந்த ரெசின் என்று கேட்பீர்கள். கடையில் சாதாரண ஜி.பி. ரெசின்தான் முதலில் நீட்டுவார்கள், விலை குறைவு. கடலில் நிற்கும் தோலுக்கு ஐசோ ரெசின் கேளுங்கள், தண்ணீரை நன்றாகத் தாங்கும். பழைய தோலின் மேல் ஒட்டுவதற்கு எபாக்ஸிதான் மிக உறுதியான பிடிப்பு, ஆனால் விலை பல மடங்கு. அமரப் பலகையை ஒட்டுவதற்கு மட்டுமாவது எபாக்ஸி வாங்க முடிந்தால் நல்லது. இரண்டு விஷயம் நினைவில் வையுங்கள். காய்ந்த எபாக்ஸியின் மேல் சாதாரண பாலியெஸ்டர் ரெசின் (ஜி.பி., ஐசோ இரண்டும் இந்த வகைதான்) நம்பிக்கையாகப் பிடிக்காது. எபாக்ஸி தொட்ட இடத்தை எபாக்ஸியாலேயே முடித்துவிடுங்கள். அப்புறம், எபாக்ஸியோடு மேட் போடாதீர்கள், ரோவிங் அல்லது கிளாத் மட்டும். மேட்டின் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியில் கரையாமல் விறைத்துக்கொண்டு நிற்கும்.

அமரத்துக்கு பிளைவுட் வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் மரைன் பிளைவுட். அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் வைத்தாலும் விடக்கூடாது என்பது விதி. நம்பிக்கை இல்லையென்றால் வெட்டி விழும் துண்டு ஒன்றை வீட்டில் சோறு வடிக்கும் நேரத்துக்குக் கொதிக்க வைத்துப் பாருங்கள், போலி அதற்குள்ளேயே அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். 19 மில்லிமீட்டர் பலகை இரண்டை ஒட்டி ஒன்றாக்கி, எல்லா ஓரத்துக்கும், குறிப்பாகக் குறுக்கு வெட்டு முனைகளுக்கு, ரெசினை இரண்டு மூன்று தரம் குடிக்க விட்டுப் பிறகு பொருத்துங்கள். எஞ்சின் போல்டுக்கு 12 மில்லிமீட்டர் துளை வேண்டுமென்றால் முதலில் 20 மில்லிமீட்டரில் துளைத்து, கெட்டியான ரெசின் பட்டியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் 12 போடுங்கள். அப்போது போல்ட் மரத்தைத் தொடவே தொடாது. அரை நாள் கூடுதல் வேலைதான், ஆனால் முந்தைய பலகையைக் கொன்ற வாசல் இதனால் அடைபடும்.

ஓட்டை, விரிசல் இருந்தால் மேலே ஒரு துண்டை அப்பாமல், சுற்றிலும் சரிவாக உரச வேண்டும். தோலின் தடிமனைப் போல 12 மடங்கு சரிவு. 6 மில்லிமீட்டர் தோல் என்றால் எல்லாப் பக்கமும் 72 மில்லிமீட்டர். பத்து சென்டிமீட்டர் ஓட்டை அடைபடும்போது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவாகும். பார்த்துப் பயப்பட வேண்டாம். நான் பெரிய துண்டை முதலில் வைத்து, போகப்போகச் சிறியதாக வைக்கிறேன். முதல் அடுக்கு சரிவு முழுவதையும் தொட்டுவிடும், மேலே சமப்படுத்த உரசும்போதும் அது வெட்டுப்படாது.

ஏராவை மறந்துவிடாதீர்கள். மணலில் ஏறி இறங்கும் நம் படகுகளில் முதலில் தேய்வது அதுதான். ஜெல்கோட் போய், நார் முடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் அந்த நார் வழியாக உள்ளே நடக்கும். அங்கே மற்ற இடத்தைவிட மூன்று நாலு அடுக்கு கூடுதலாகக் கொடுத்து, வருடா வருடம் தேய்ந்த அளவுக்குத் திரும்பப் போடும் பகுதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மிதவைக்கு ஒரு எச்சரிக்கை. தெர்மாகோலை வைத்து அதன் மேல் பாலியெஸ்டர் ரெசின் ஊற்றினால், சர்க்கரை மாதிரி கண்ணெதிரே கரைந்து காணாமல் போகும். பாலிதீனில் நன்றாகச் சுற்றி வைத்தால் மட்டும் தப்பும். பி.யூ. (பாலியூரிதேன்) ஃபோம் கரையாது, ஆனால் திறந்து விட்டால் வருடக்கணக்கில் தண்ணீர் குடிக்கும். எனக்குப் பிடித்தது மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேன்கள். 20 லிட்டர் கேன் ஒன்று ஏறக்குறைய 20 கிலோவைத் தூக்கும், எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம். கவிழ்ந்தால் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டிய படகு இது, ஃபைபர் தானாக மிதக்காது. அணியத்திலும் அமரத்திலும் பிரித்து வையுங்கள், இறுக்கிக் கட்டுங்கள்.

கலவையில் உயிர் போகும் விஷயம் ஒன்று இருக்கிறது. பாலியெஸ்டர் ரெசினை இறுக வைக்க இரண்டு சாமான் சேர்ப்போம்: ஊதா நிறத்தில் இருப்பது கோபால்ட், நிறமில்லாமல் தண்ணீர் மாதிரி இருப்பது ஹார்ட்னர். இரண்டையும் நேராக ஒன்றோடு ஒன்று சேர்க்கவே கூடாது, வெடிக்கும். ஒரே அளவுக் கிண்ணத்தால் இரண்டையும் எடுக்கக்கூடக் கூடாது. முதலில் கோபால்ட்டை ரெசினில் போட்டு நன்றாகக் கலக்கிவிட்டு, பயன்படுத்தும் நேரத்தில்தான் ஹார்ட்னர். கோபால்ட் சேர்த்தே வரும் ரெசினும் உண்டு, கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஹார்ட்னர் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி. சித்திரை வெயிலில் 10, 12 போதும், ஆனால் 10க்குக் கீழே போனால் ரெசின் முழுதாக இறுகாது. ஒரு தரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். டப்பாவில் தேங்கிய கலவை தானே சூடேறிப் புகையும். அப்படிப் புகைந்தால் மணலில் கொட்டிப் பரப்பிவிடுங்கள். ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள், பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், பட்டுவிட்டால் 15 நிமிடம் நிறுத்தாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உரசும்போது துண்டைக் கட்டிக்கொள்வது போதாது, என்95 முகக்கவசம் வேண்டும். ரெசின் வாடைக்கு அதுவும் போதாது, கரி வடிகட்டி உள்ள முகக்கவசம் வாங்குங்கள். கொட்டகையின் இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும், பீடி பற்ற வைப்பவர்களை வெளியே அனுப்பிவிடுங்கள். என் கூட வேலை பார்த்த இரண்டு பேருக்கு இன்று நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அந்த நாளில் எங்களுக்கு இதையெல்லாம் சொல்ல ஆளில்லை.

பெயின்ட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லா வேலையும் இறுகி ஒரு வாரம் கழிந்த பிறகு, உரசி, இரண்டு கை பி.யூ. பெயின்ட். கரையில் ஏற்றி வைக்கும் படகுக்குப் பாசி பிடிக்காத விலை உயர்ந்த பெயின்ட் தேவையில்லை.

முடித்ததும் நேராகத் தொழிலுக்குப் போகாதீர்கள். அலை அடங்கிய காலை ஒன்றில் இறக்கி, வலையும் ஐஸும் ஏற்றும் எடைக்கு மண் மூட்டை வைத்து, கரையோரமாகவே இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். ஏற்றி வந்து அமரத்தின் மூலைகளில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி அதையே செய்யுங்கள்.

இப்போதைக்கு ஒரு 6 மில்லிமீட்டர் பிட்டும் ஐந்து காகிதமும் போதும். துளை போட்டதும் ஐந்து பொட்டலத்தையும் பகல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், கயிறு கட்டி அளந்த நோட்டுப் பக்கத்தையும் சேர்த்து. தூளின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் பலகைக் கணக்கை இருவரும் சேர்ந்து போடலாம்.